அக்காவுக்குக் கட்டிய மண் பெஞ்சு

நம்ம வயதுக்காரர்களுக்கு முழங்காலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயிலில் தரையில் உட்காருவதற்கு முன்னாலேயே, எப்படி எழும்புவது என்று யோசித்துவிட்டுத்தான் உட்காருகிறோம். போன ஆடி வெள்ளிக்கு நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கேயும் அப்படித்தான் யோசித்துக்கொண்டு நின்றேன். அந்த யோசனையில் எங்கள் அக்காவின் கால் ஞாபகத்துக்கு வந்தது. வீட்டுக்கு வந்து மகளிடம் எழுத ஒரு கொப்பி கேட்டு வாங்கினேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி இரண்டு மலை ஏறிப் போகிற இடத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் ஒற்றை மண்டபம். அதற்கு முந்தி அது உரமூட்டை அடுக்குகிற ஸ்டோராக இருந்ததாம். மழை நாளில் சுவரிலிருந்து பழைய உர வாடை கிளம்பும். ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை, நெற்றி நிறையத் திருநீறு. ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் மேசையோடு சேர்த்து அடித்த இரண்டு பெஞ்சு உண்டு. மற்ற நாலு வகுப்பும் சிமெந்துத் தரையில் சாக்கு விரித்து உட்காரும். உள்ளே இடம் போதாததால், மழை இல்லாத நாளில் மூன்றாம் வகுப்பை வெளியே சவுக்கு மரத்தடிக்கு அனுப்பிவிடுவார்.

அந்த மூன்றாம் வகுப்பில் நானும் இருந்தேன், அக்காவும் இருந்தாள். எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினொன்று. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் அவளுடைய வலது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. கம்பு மாதிரி நேராக நிற்கும். காலை வீசி வீசி நடப்பாள், மலைப்பாதையில் கூட எங்களுக்குச் சமமாக வந்துவிடுவாள். தரையில் உட்காருவதுதான் முடியாது. கீழே இறக்க ஒருவர், தூக்கி விட இருவர் வேண்டும். அப்படி உட்கார்ந்த அன்றைக்குக் கால் வீங்கிவிடும். ஐந்தாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். மேசைக் கட்டையில் கால் இடித்தது. ஆகவே எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை நின்றாள். உள்ளே என்றால் சுவர், வெளியே என்றால் மரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாத்தியார் வந்த புதிதில் அவள் அடம் பிடித்து நிற்கிறாள் என்று நினைத்து, பிரம்பால் அந்தக் காலிலேயே இரண்டு தட்டு தட்டியிருக்கிறார். பிறகு விஷயம் தெரிந்து பேசாமல் விட்டுவிட்டார். பதினொரு வயதில் மூன்றாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை மந்தம் என்பதுதான் அவருடைய எண்ணம். உண்மையில் காலால்தான் அவள் பிந்திச் சேர்ந்தாள். அக்கா கடையில் சீனி சுற்றித் தருகிற தாளைக் கூட விடமாட்டாள். அதை நீவி, ஓரம் கிழிந்த இடத்தில் என்ன எழுத்து இருந்திருக்கும் என்று யோசித்து வாசிப்பாள். கினிகத்தேனைச் சந்தைக்குப் போய்வருகிறவர்கள் சாமான் சுற்றிய தாளை அவளுக்கென்று எடுத்து வைத்துக் கொடுப்பார்கள்.

சாயந்தரம் அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்கிறதுக்கு முந்தி அக்காவின் காலைத் தொட்டுப் பார்ப்பாள். வீங்கியிருந்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள். ஒரு நாள் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த மாசம் முடிஞ்சதும் பிள்ளைக் காம்பராவுக்கு வா. ஆயாம்மாகிட்ட சொல்லிட்டேன். தொட்டில் ஆட்டினா அரைப்பேர் போடுவாங்க. நின்னு நின்னு படிச்சு நீ என்ன தொரசாணியா ஆகப்போற?"

பிள்ளைக் காம்பரா என்பது, கொழுந்துக்குப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற அறை. அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம். வேலைக்குச் சேர்ந்த பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியதை நாங்கள் கண்டதில்லை. அப்பா, அம்மா சொன்னதற்குத் தலையாட்டுகிறவர்.

மறுநாள் காலையில் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அக்கா என்னிடம் சொன்னாள். "எனக்குப் படிக்க ஒண்ணும் கஷ்டமில்லடி. நிக்கத்தான் கஷ்டம்."

இதை நான் போய்ப் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். எங்களுக்கெல்லாம் தலைவன் கங்காணியின் மகன். ஐந்தாம் வகுப்பு. கங்காணி என்றால் கொழுந்து மலையில் பெண்களை வேலை வாங்குகிறவர். எங்கள் தோட்டத்தில் அவரே கோயில் காரியத்துக்கும் பெரியவர். அவர் முன்னால் மகனும் நிமிர்ந்து பேசமாட்டான், ஆனால் எங்கள் முன்னால் பெரிய துரை மாதிரி நடப்பான். அவன், "பெஞ்சு அடிக்கப் பலகை கேட்டா யாரும் தரமாட்டாங்க. மண்ணு கேக்கவே வேணாம்" என்றான்.

அப்படித்தான் தொடங்கியது. ஒரு சிலேட்டில் அவன் படம் போட்டான். முதலில் போட்ட படம், தோட்டத்தில் மருந்து கொடுக்கிற மருந்தையா வீட்டு விறாந்தையில் கிடக்கிற, சாய்ந்து படுக்கிற சாய்மணைக் கதிரை மாதிரி இருந்தது. பிள்ளைகள் சிரித்து அழிக்க வைத்தார்கள். பிறகு சாக்குத் தையல் நூல் ஒன்று எடுத்து அக்காவையே அளந்தோம். நல்ல காலின் குதியிலிருந்து முழங்கால் வரை உயரம். மடங்காத காலின் முழு நீளத்துக்கு மேல் ஒரு சாண் விட்டுப் பெஞ்சின் நீளம். நூலில் முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்தது நான். அக்கா, ஏதோ கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுக்கிற மாதிரி, வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள்.

முதல் பெஞ்சு இரண்டு நாளில் கரைந்தது. கிட்டத்தில் இருக்கிறதே என்று தேயிலை அடியில் இருந்து கறுப்பு மண்ணை வாரிக் குவித்திருந்தோம். மழை பெய்ததும் சாணி கரைகிற மாதிரி ஓடிப் போனது. அதற்கு மேல் கங்காணி வந்து, மேல்மண்ணைத் தேயிலையிலிருந்து எடுத்ததற்காகத் தன் மகனின் காதைப் பிடித்துத் திருகினார். "தேயிலைக்குச் சோறு அது. அதையா அள்ளுற?" என்றார். எதற்காக அள்ளினோம் என்று கேட்டார். மகன் சொன்னான். அவர் மரத்தடியில் நின்றிருந்த அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். கல் மனசுக்காரர் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பெஞ்சுக்கு, பாதை ஓரத்தில் சரிந்து கிடந்த சிவப்பு மண்ணை எடுத்தோம். கிழிந்த கொழுந்துக் கூடையில் சுமந்தோம். மானாப்புல்லை விரல் நீளத்துக்கு நறுக்கி மண்ணோடு கலந்து மிதித்தோம். நறுக்கியது அக்கா. மேட்டுச் சரிவில் சாய்ந்துகொண்டு வேலை செய்தாள். அவளுடைய பெஞ்சுக்கு அவள் காலால் மிதிக்க முடியாதது பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளே ஒரு தரம், "என் காலும் ஒண்ணு பதியட்டும்" என்று சொல்லி, ஈர மண்ணில் மடங்காத காலை ஊன்றி ஒரு தடம் வைத்தாள். அதன் மேல் அடுத்த கூடையைக் கொட்டினோம்.

கட்டி முடிந்ததும் அவளை உட்கார வைத்துப் பார்த்தோம். உட்கார்ந்துவிட்டாள். எழும்ப முடியவில்லை, கை ஊன்ற ஒன்றும் இல்லை. அதற்காக ஆற்றிலிருந்து ஒரு கறுப்புக் கல்லைக் கொண்டுவந்தோம். ஒரு முழம் உயரம், தலைப்பக்கம் உருண்டை, நல்ல வழவழப்பு. நாலு பேர் படங்குச் சாக்கில் போட்டு இழுத்து, அதைக் கொண்டு வர இரண்டு பிற்பகல் ஆனது. பெஞ்சின் ஒரு முனையில் அதை நிறுத்தி நட்டோம். அக்கா அதில் உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தி எழும்பி நின்றாள். யாரும் கை கொடுக்கவில்லை. கங்காணி மகன் தானே எழும்பின மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டான். பிறகு மேலெல்லாம் சாணி போட்டு மெழுகிக் காய விட்டோம். இரண்டு நாள் காயட்டும், வெள்ளிக்கிழமையிலிருந்து உட்காரலாம் என்று பேச்சு.

இனிமேல் வருவது என்னுடைய தப்பு. நாம் எந்தக் காரியத்தையும் சும்மா தொடங்க மாட்டோம், உங்களுக்குத் தெரியும். கவ்வாத்து வெட்டத் தொடங்கினாலும், புது மலையில் முதல் கொழுந்து எடுத்தாலும், ஒரு கல்லை நிமிர்த்தி வைத்துப் பொட்டிட்டுக் கும்பிட்டுத்தான் வேலையில் கை வைப்பார்கள். எனக்கு அது மனதில் ஊறிய விஷயம். வெள்ளிக்கிழமை விடியற்காலை அம்மாவின் மிட்டாய் டின்னிலிருந்து மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டு போய், பெஞ்சுக்குக் கண் படக்கூடாது என்று அந்தக் கல்லில் மூன்று பொட்டு வைத்தேன். வழியில் பறித்த நாலு பூவும் வைத்தேன். விழுந்து கும்பிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

சாணி மெழுகிய மேடை, மரத்தடி, நிமிர்ந்த கறுப்புக் கல், மஞ்சள், குங்குமம், பூ. பனி மூட்டத்துக்குள், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குப் போன பெண்கள் அதைப் பார்த்தார்கள். முதல் ஆள் செருப்பில்லாத காலையே இன்னொரு தரம் துடைத்துவிட்டுக் கும்பிட்டாளாம். பின்னால் வந்தவர்களும் கும்பிட்டார்கள். அன்றைக்கு ஒன்பது மணி போல, அவர்கள் நிரை பிடித்துக் கொழுந்து பறித்த மலையில் மேலே இருந்து ஒரு பாறை உருண்டு வந்தது. இரண்டு பெண்களுக்கு நடுவில் புகுந்து, ஒரு கூடையை நசுக்கிக்கொண்டு கீழே போய்விட்டது. ஒரு ஆளுக்கும் கீறல் இல்லை.

மத்தியானத்துக்குள் கல்லுக்கு மாலை வந்துவிட்டது. சாயந்தரம் விளக்கு. எங்கள் அம்மாவும் கற்பூரம் கொண்டுபோனாள், உருண்ட பாறைக்குப் பக்கத்தில் நின்றவர்களில் அவளும் ஒருத்தி.

பிள்ளைகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். இது பெஞ்சு, நாங்கள் கட்டினது, அந்தக் கல் கை ஊன்றுவதற்கு என்றோம். பெரியவர்கள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தாலும் பரவாயில்லை. அவர்கள் எங்கள் தலையைத் தடவி, பிள்ளைகள் கையால் சாமி தனக்கு இடம் கட்டிக்கொண்டது என்றார்கள். அதற்கு மேல் எப்படி வாதாடுவது? வாத்தியாரிடம் போனோம். அவர் வாசலில் நின்று மரத்தடியைப் பார்த்தார். "சனத்தின்ரை நம்பிக்கையிலை நான் கை வைக்கேலாது பிள்ளையள். நான் வெளியிலையிருந்து வந்த ஆள்" என்றார். திரும்பிப் போய் எழுதுபலகையில் எழுதத் தொடங்கினார்.

அன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு சவுக்கு மரத்துக்கு இந்தப் பக்கம் சாக்கு விரித்தது. அக்கா மரத்தில் சாய்ந்து நின்றாள். அவள் அளவுக்குக் கட்டின பெஞ்சு மூன்று அடி தள்ளி மாலையும் விளக்குமாக இருந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட மாட்டாள். அம்மா கட்டாயமாகச் சொல்லிவிட்டாள், "கால் இப்பிடி இருக்கையில சாமி எடத்துல ஒக்காந்து, மத்த காலையும் எடுத்துக்காத." மாதம் முடிய எட்டு நாள் இருந்தது.

பொட்டு வைத்தது நான் என்று எவருக்கும் தெரியாது. ஒரு நாள் தைரியம் பிடித்துக்கொண்டு கங்காணி வீட்டு வாசலுக்குப் போனேன். அவர் கவ்வாத்துக் கத்தியைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். "கங்காணியய்யா, அது சாமி இல்லீங்க. நான்தான் பொட்டு வச்சேன். அம்மா டின்னுல எடுத்து" என்றேன்.

அவர் கத்தியின் வாயை விரலால் தடவிப் பார்த்தார். "ஒன்னைய யாரு வைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. தோணுச்சுங்க."

"தோணுச்சுல்ல. அதத்தான் சாமிங்கறோம். போ புள்ள."

மாதத்தின் கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. பெண்கள் மத்தியானக் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்புகிற நேரம், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கலைகிற நேரம். அக்கா சாக்கை உதறி என்னிடம் தந்தாள். காலை வீசிக்கொண்டு நேரே பெஞ்சுக்குப் போனாள். மாலையை ஒரு ஓரமாக நகர்த்தினாள். விளக்கைத் தூக்கிக் கீழே வைத்தாள். கல்லைக் கும்பிட்டாள். பிறகு உட்கார்ந்து, மடங்காத காலை நீட்டி, ஒரு பெருமூச்சு விட்டாள். நீளம் சரியாக இருந்தது. ஒரு சாண் மிச்சமும் இருந்தது.

பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எங்கள் அம்மா கூடையை இறக்கினாள். கங்காணி பின்னால் வந்தவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எந்திரி புள்ள."

அக்கா எழும்பவில்லை. "சாமிக்குக் கால் வலிக்குதுங்களா? எனக்கு வலிக்குதுங்கய்யா."

யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கங்காணி கல்லைப் பார்த்தார். இதை நானும் சொல்ல வேண்டாம் நீயும் சொல்ல வேண்டாம், வெள்ளிக்கிழமை சாமியிடமே கேட்போம் என்றார்.

கேட்பது என்றால், எங்கள் கோயிலில் எல்லாவற்றுக்கும் நடக்கிறதுதான். ஒரு தாளில் திருநீறும் இன்னொரு தாளில் குங்குமமும் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையைக் கண்ணை மூடி எடுக்கச் சொல்வார்கள். கல்யாணத்துக்கும் அப்படித்தான், திருவிழாவுக்கு நாள் குறிக்கவும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை கங்காணி குளித்துத் திருநீறு பூசி வந்தார். சேம்பு இலையில் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ என்றார். வெள்ளை வந்தால் பிள்ளை உட்காரலாம். சிவப்பு வந்தால் சாமி தனியாக இருக்க விரும்புகிறது, யாரும் பேசக்கூடாது. சம்மதமா என்று அம்மாவையும் கேட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் நின்றிருந்தோம். கங்காணி ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு என்னை வரச் சொன்னார்.

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். இது சத்தியம், திறக்கவே இல்லை. குனிந்து கை வைத்தேன். முதலில் கைக்கு வந்த பொட்டலம் மெத்தென்று இருந்தது. ரோசா இதழ் மாதிரி. அடுத்ததைத் தொட்டேன். இலைக்குள்ளே விரலுக்குச் சின்னச் சின்னக் குமிழாக நெருடியது. பூவின் அடியில் பச்சைப் பட்டாணி மாதிரி இருக்குமே, அந்தக் குமிழ். கொழுந்துக்காரி மகளுக்குத் தேயிலைப் பூவைக் கண் மூடித் தெரியாதா? தேயிலைப் பூ வெள்ளை. முதலில் தொட்டதை விட்டுவிட்டு அதை எடுத்தேன்.

கங்காணி எல்லாருக்கும் தெரியப் பிரித்துக் காட்டினார். பெண்கள் குலவை போட்டார்கள். அம்மா ஓடி வந்து அக்காவை இழுத்து, அவள் கையைப் பிடித்து அந்தக் கல்லின் மேல் வைத்தாள். அக்கா உட்கார்ந்தாள். பிள்ளைக் காம்பரா வேலைக்கு அக்காவுக்குப் பதிலாகப் பக்கத்து லயத்து வீட்டுப் பெண் ஒருத்தி போனாள்.

அதற்குப் பிறகு நடந்தது நாங்கள் நினைத்தும் பார்க்காதது. சாமி நனையக் கூடாது என்று தோட்டத்து ஆட்கள் நாலு கம்பு நட்டு, மேலே தகரம் போட்டார்கள். பெஞ்சுக்கென்று நாங்கள் கேட்டிருந்தால் ஒரு துண்டுத் தகரம் கிடைத்திருக்காது. மழை நாளிலும் அக்கா காய்ந்த இடத்தில் உட்கார்ந்து எழுதினாள். சரிவில் மண் கரைந்தபோதெல்லாம் பெண்களே புது மண் வைத்து மெழுகினார்கள். காலையில் அவர்கள் வைத்த குங்குமம், மத்தியானம் எழும்பும்போது அக்காவின் உள்ளங்கைக்கு வந்துவிடும். அவளுடைய கொப்பியில் ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் ஒரு சிவப்பு விரல் தடம் இருக்கும். வாத்தியார் முதலில் அதைச் சிவப்பு மை என்று நினைத்துத் திட்டினார். அந்தக் கொப்பிகளில் ஒன்றையாவது வைத்திருந்திருக்கலாம். வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது.

வாத்தியார் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கே தட்டுப்பட்டது. அந்த மண்டபத்தில் அவருக்கென்று ஒரு கதிரை இருந்தது. ஐந்து வகுப்பையும் பார்க்கிறவர் உட்காருவாரா? காலையிலிருந்து நடந்துகொண்டேதான் இருப்பார். கதிரை சும்மா கிடக்கும், அதில் குடை மாட்டியிருக்கும். அதை எடுத்துக் கொடுக்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை. கேட்கலாம் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. அக்காவுக்குக்கூடத் தோன்றவில்லை. நல்ல மனிதர்தான் அவர். அக்கா ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வந்தபோது தன் சொந்தப் பேனாவை அவளுக்குக் கொடுத்தார்.

அக்காவின் படிப்பு ஐந்தோடு நின்றது, எங்கள் தோட்டத்தில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. ஆனால் சில வருடம் கழித்து, இந்தியாவா இலங்கையா, எந்த நாட்டுப் பிரஜை என்று எல்லாரும் கடதாசி எழுதிக் கொடுக்க வேண்டிய காலம் வந்தது. ஆட்கள் அக்காவைத் தேடி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அந்தப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து, ஒவ்வொருவருக்காகவும் எழுதினாள். தகப்பன் பெயர், பிறந்த ஊர், வந்த வருடம். ஆட்கள் கல்லுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். கங்காணியும் வந்தார், தனக்கு எழுதத் தெரியாது என்பதை அன்றைக்குத்தான் எல்லார் முன்னாலும் காட்டினார். எங்கள் தோட்டத்திலிருந்து போன விண்ணப்பங்கள் பலவற்றில் ஒரு சிவப்புத் தடம் இருந்திருக்கும். எந்த ஆபீசில் எவர் அதைப் பார்த்து என்ன நினைத்தாரோ.

அந்தக் கடதாசியாலேயே அக்காவும் போனாள். அவள் கல்யாணம் கட்டிய வீட்டில் இந்தியா என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். றொசல்ல ஸ்டேஷனில் கோச்சிக்காகக் காத்திருந்தபோது, இனிமேல் சொல்ல நேரம் இருக்காது என்று பயந்து, அவளிடம் சொன்னேன். நான் சாமி முன்னால் ஏமாற்றிவிட்டேன், விரலால் தெரிந்துகொண்டுதான் எடுத்தேன் என்றேன். அந்தப் பாவத்துக்காக அத்தனை வருடமும் வெள்ளிக்கிழமை காலையில் பச்சைத் தண்ணீர் வாயில் படாமல் விரதம் இருந்து வந்ததையும் சொன்னேன்.

அக்கா தன் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து, எப்போதும் போலக் காலை நீட்டியிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பைத்தியம். எப்பவும் திருநீறும் குங்குமமும்தானே மடிப்பாங்க. அத தொட்டா தெரியுமா? அன்னைக்கு மட்டும் அவரு ஏன் பூவ மடிச்சாரு?"

அக்கா நீட்டிய காலைத் தடவிக்கொண்டாள்.

"அத்தன புள்ளைங்க நின்னுச்சே. ஒன்னைய ஏன்டி கூப்பிட்டாரு?"

கோச்சி வந்துவிட்டது. இரண்டு பேர் கை கொடுத்து அவளை ஏற்றினார்கள். அந்த வண்டிப் படியில் கை ஊன்ற ஒன்றும் இல்லை. இந்தியாவில் ஊருக்குப் போய் நாலைந்து கடிதம் போட்டாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். பிறகு அவள் வீட்டுக்காரர் எழுதிய ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

கங்காணியிடம் நான் கேட்டதில்லை. அக்கா போவதற்கு முந்திய வருடமே அவர் இறந்துவிட்டார். வெள்ளிக்கிழமை விரதத்தை நான் விடவில்லை. எதற்காக என்பதை மட்டும் மாற்றிக்கொண்டேன். அந்தப் பூவை மடித்த கைக்காக இருக்கிறேன்.

போன ஆடி வெள்ளிக்குப் போனபோது பெஞ்சு இருந்த இடத்தில் சிமெந்துக் கட்டடம் நின்றது. தரைக்கு ஓடு பதித்திருக்கிறார்கள். மண் பெஞ்சை அப்படியே உள்ளே வைத்துச் சிமெந்து பூசி, பீடம் என்கிறார்கள். உள்ளே எங்கேயோ அக்காவின் காலடி ஒன்று இருக்கிறது. கல் அதே கல். நான் யோசித்து யோசித்துத் தரையில் உட்கார்ந்து கும்பிட்டேன். எழும்ப முடியவில்லை. மகள் வெளியே செருப்புப் பக்கம் நின்றாள், கூப்பிட்டால் வந்திருப்பாள். நான் கூப்பிடவில்லை. பீடத்தைப் பிடித்து நகர்ந்து, அந்தக் கல்லின் தலையில் உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். பூசாரி திரும்பிப் பார்த்தார். வயதானவள் என்று நினைத்தாரோ என்னவோ, தடுக்கவில்லை.

எழும்பி நின்று கையைப் பார்த்தேன். சிவந்திருந்தது.